முதல் அரை மாரத்தான்: இரண்டரை மணி நேரம் என்று போனேன், 2:12-ல் முடிந்துவிட்டது. எங்கே தப்பு?

கன்டெய்னர்_சர்வேயர் (தண்டையார்பேட்டை):

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. வழக்கமாக ஓட்டம் சொதப்பியவர்கள்தான் வந்து காரணம் கேட்பார்கள். நான் நன்றாக ஓடிவிட்டுக் கேட்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

வயது 45. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வேயர். வருகிற பெட்டி ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, தரைப் பலகை சரியாக இருக்கிறதா, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கேயாவது ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். மே மாதம் மதியத்தில் அந்த இருட்டுக்குள் நின்றவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். அப்போது நடக்க ஆரம்பித்து, அப்படியே ஓட்டமாக ஆகிவிட்டது. ஏழு மணி ஷிஃப்டுக்கு முன்னால், வாரத்தில் மூன்று நாள் தண்டையார்பேட்டை உள்தெருக்களில் ஐந்தாறு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம். ஞாயிறு காலையில் காசிமேடு பக்கம் தலைகாட்ட முடியாது. மீன் வாங்க ஊரே வந்து நிற்கும், ஐஸ் தண்ணீர் வழிந்து ரோடு முழுக்க வழுக்கும். அதனால் வடக்கே எண்ணூர் பக்கம் போய்த் திரும்புவேன். ஒரு பக்கம் கடலும் தூண்டில் வளைவுகளும், இன்னொரு பக்கம் ஹார்பருக்கு வரிசை கட்டி நிற்கிற டிரெய்லர்கள். எங்கள் யார்டில் நான் பார்த்து அனுப்பிய பெட்டியே சில சமயம் அந்த வரிசையில் நிற்கும். நான்கு எழுத்து, ஏழு எண், படித்துக்கொண்டே ஓடுவேன். பழக்கதோஷம்.

இந்த நீள ஓட்டமெல்லாம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 10 வினாடி வேகத்தில்தான். அதிகபட்சம் ஓடியது 18 கி.மீ., டிசம்பர் நடுவில். நடுவே அக்டோபரில் மாதவரம் பக்கம் ஒரு 10 கி.மீ. ஓட்டம், வேர்த்து ஊற்றி 61 நிமிடம். இதையெல்லாம் வைத்து முதல் அரை மாரத்தானுக்கு, அதாவது 21.1 கி.மீ.-க்கு, 2:30 என்று முடிவு செய்தேன். மனசுக்குள் 2:35 வந்தால்கூடப் போதும் என்றுதான் இருந்தது.

கடைசி இரண்டு வாரம் படுமோசம். வருடக் கடைசியில் எம்ப்டி பெட்டிகள் வந்து குவிந்ததில் ஓவர்டைம் மேல் ஓவர்டைம். மொத்தமே இரண்டு தடவைதான் ஓடினேன். வியாழக்கிழமை சளி பிடித்துக்கொண்டது. "மூக்கை உறிஞ்சிக்கினே ஓடப் போற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள் வீட்டுக்காரி. மிளகு ரசம் மட்டும் இரண்டு நாளும் வைத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை மூன்று மணிக்கு எழுந்தேன். மச்சான் பைக்கில் கொண்டுபோய் நேப்பியர் பாலத்துப் பக்கம் விட்டான். போனில் 21 டிகிரி. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் மப்ளர் சுற்றியிருந்தார். கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். நான் கோட்டைத் தாண்டியது கிட்டத்தட்ட எல்லோருக்கும் கடைசியில், நான்கு நிமிடம் கழித்து. முன்னால் செல்ஃபி எடுக்கிறவர்கள், கைகோத்து நடக்கிறவர்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் ஏழு நிமிடத்துக்குக் குறைய வழியே இல்லை. மூன்றாவது கிலோமீட்டரில் கைக்கடிகாரம் செத்துவிட்டது. ராத்திரி சார்ஜ் போட்டேன், ஸ்விட்ச் போடவில்லை.

சரி, இனி கால் போன போக்கு என்று விட்டுவிட்டேன். பட்டினப்பாக்கம் வருவதற்குள், சரியாக 2:30-ல் முடிக்கிற வேகத்தில் கூட்டத்துக்கு வழிகாட்டி ஓடுகிற, 2:30 கொடி வைத்திருந்த பையனைப் பிடித்துவிட்டேன். அவன்தான் மெதுவாகப் போகிறான் என்று நினைத்து, "தம்பி, கொஞ்சம் லேட்டா போறீங்களோ?" என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கரெக்டாத்தான் அண்ணே போறேன்" என்றான். பெசன்ட் நகரில் திரும்பி வந்து திரு.வி.க. பாலம் ஏறும்போது, பதினாலாவது கிலோமீட்டர் இருக்கும், முன்னால் இன்னொரு கொடி. 2:20. அதையும் தாண்டினேன். அப்போதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது. எந்த இடத்தில் கால் மடங்கப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டே ஓடினேன், மடங்கவே இல்லை. கலங்கரை விளக்கத்துக்குப் பிறகு வெயில் முகத்தில் பட்டபோதும் மூச்சு ஒழுங்காகத்தான் இருந்தது.

முடிவில் நேரப் பலகை 2:16 சொச்சம் காட்டியது. பிறகு வந்த குறுஞ்செய்தியில், நான் கோட்டைத் தாண்டியதிலிருந்து கணக்கிட்டு, 2:12:40. முதல் பாதி 1:08:10, இரண்டாம் பாதி 1:04:30.

இப்போது பிரச்சினை. கல்லூரிக்குப் போகிற மகன், "யூ-டர்ன்ல குறுக்கே பூந்துட்டியாப்பா?" என்கிறான். யார்டிலும் அதே பேச்சு. எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தூரம் குறைவாக இருந்திருக்குமா? கூட ஓடிய நண்பர் கடிகாரத்தில் 21.4 காட்டியது என்கிறார். இல்லை, குருட்டு அதிர்ஷ்டமா? இதில் இரண்டு பேர் "அடுத்து ஃபுல்தான்" என்று 42 கி.மீ. முழு மாரத்தானுக்குக் கிளப்பிவிடுகிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பெரம்பூர்_கணக்குப்பிள்ளை:

வாழ்த்துகள் தம்பி. தப்பு இருக்கிறது, ஆனால் 2:12-ல் இல்லை. உங்கள் 2:30-ல்தான் தப்பு.

நீள ஓட்டம் ஓடுகிற வேகம் போட்டி வேகம் கிடையாது. அதை மெதுவாக ஓடுவதே காலுக்கும் இதயத்துக்கும் தூரத்தைப் பழக்கத்தான். நீங்கள் 7:10-ஐ அப்படியே 21-ஆல் பெருக்கிவிட்டீர்கள். பெருக்க வேண்டியது அந்த அக்டோபர் ஓட்டத்தை. பீட்டர் ரீகல் என்று ஒரு அமெரிக்க எஞ்சினியர் போட்ட சூத்திரம் இருக்கிறது. தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். 10-லிருந்து 21.0975 என்றால் தூரம் 2.10975 மடங்கு, அதை அடுக்குக்கு உயர்த்தினால் 2.206 வரும். 61 நிமிடத்தைப் பெருக்கிப் பாருங்கள்: 2 மணி 14 நிமிடம் 35 வினாடி. நீங்கள் ஓடியதற்கும் இதற்கும் இரண்டு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. அக்டோபரிலேயே உங்கள் காலில் இது இருந்திருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

தூரம் பற்றி. முறையாக அளக்கிற பாதையை சைக்கிள் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்கிற கருவியை மாட்டி, வளைவுகளில் ஓரத்தை ஒட்டி, இருப்பதிலேயே குறுகிய வழியில் அளப்பார்கள். அதற்கும் மேலே, குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்ப்பார்கள். ஆக, அரை மாரத்தானில் 21 மீட்டர் கூடுதலாகத்தான் இருக்கும். நாம் யாரும் அந்தக் குறுகிய வழியில் ஓடுவதில்லை. ஆளைச் சுற்றி, தண்ணீர் மேசையைச் சுற்றி என்று வளைந்து வளைந்து ஓடுவதாலும் ஜி.பி.எஸ். அங்குமிங்கும் தாவுவதாலும் கடிகாரம் 21.3, 21.4 காட்டுவது சகஜம். நண்பர் கடிகாரம் 21-க்குக் கீழே காட்டியிருந்தால் சந்தேகப்படலாம்.

மகனுக்கு ஒரு பதில்: முதல் பாதி நேரம் தனியாக வந்திருக்கிறதே, அது திரும்புகிற இடத்தில் போட்டிருந்த, நேரம் பதிகிற பாயை மிதித்தால்தான் வரும். குறுக்கே புகுந்தவனுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும். குறுஞ்செய்தியை அவனிடம் காட்டுங்கள்.

அப்புறம், சம்பந்தமில்லாத ஒன்று. 21 கிலோமீட்டருக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த 97.5 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால்: 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, ஸ்டேடியத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அந்த 42.195 கி.மீ.-ஐத்தான் 1921-ல் முழு மாரத்தானுக்கு நிரந்தரமாக்கினார்கள், நாம் ஓடுவது அதில் பாதி. நம் கால்வலியில் பாதி அந்த ராஜ வீட்டுக் கணக்கு.

---

வேகம்_வேலு:

ஷூ என்ன பிராண்ட்? அடியில் கார்பன் பிளேட் வைத்த வேக ஷூவா?

---

திருவொற்றியூர்_நைட்_டூட்டி:

அண்ணா, வாழ்த்துகள். நான் வார்டில் செவிலியர், உங்கள் ஊருக்கு அடுத்த ஊர்தான்.

பெரம்பூர் ஐயா கணக்கு சரி. ஆனால் இரண்டாம் பாதி மூன்றரை நிமிடத்துக்கு மேல் வேகமாக வந்ததற்கு அதில் பதில் இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

போன வருடம் இதே கடற்கரைச் சாலையில் நான் ஓடினேன். முன்வரிசையில் இடம் பிடித்து நின்றேன், பெருமையாக. முதல் ஐந்து கிலோமீட்டர் 5:40 வேகம். காற்றில் போகிற மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது சாந்தோம் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தாத்தா வந்து, "எழுந்திரும்மா, உக்காந்தா புடிச்சிக்கும்" என்று தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். 2:38. உங்களை விட நான் நன்றாகப் பயிற்சி செய்திருந்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்களுக்குக் கழிப்பறை வரிசைதான் கோச். அந்தக் கூட்டம் முதல் இரண்டு கிலோமீட்டர் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. பிறகு கடிகாரமும் செத்தது. கடிகாரம் உயிரோடு இருந்திருந்தால், 6:20 என்று பார்த்ததும் "ஐயோ, வேகம் அதிகம்" என்று நீங்களே பிரேக் போட்டிருப்பீர்கள். உண்டா இல்லையா?

அடுத்து, பயிற்சி போச்சே என்று வருத்தப்பட்ட அந்த இரண்டு வாரம். ஓட்டத்துக்கு முன்னால் எல்லோரும் வேண்டுமென்றே குறைப்பார்கள். உங்களுக்கு அது ஓவர்டைம் பேரில் வந்திருக்கிறது.

வெயில் கதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடும்போது எரிகிற சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதை வெளியேற்ற, ரத்தம் தோல் பக்கமும் போக வேண்டும், தசைப் பக்கமும் போக வேண்டும். வேர்வை சொட்டினால் குளிர்ச்சி இல்லை, அது காய்ந்தால்தான் குளிர்ச்சி. நம் கடலோரத்தில் அக்டோபரில் அது எங்கே காய்கிறது? மழை விட்ட ஜனவரி விடியலில் 21 டிகிரியில் ஓடினால் அந்தப் பாரம் கொஞ்சமாவது இறங்கும். அக்டோபர் புழுக்கத்தில் 61 நிமிடம் ஓடியவருக்கு, ஐயாவின் சூத்திரத்தை விடக் கொஞ்சம் நல்ல நேரம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூக்கொழுகலோடு போனது பரவாயில்லை. காய்ச்சலோ, நெஞ்சுச் சளியோ, உடம்பு வலியோ இருந்தால் அடுத்த தடவை நம்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். அண்ணி சொன்னதில் நியாயம் இருக்கிறது.

---

கன்டெய்னர்_சர்வேயர்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரி முதல் பாதி நேரத்தை மகனிடம் காட்டினேன். "சரி, ஒத்துக்கிறேன்" என்றான். அவ்வளவுதான், மன்னிப்பெல்லாம் இல்லை.

வேலு தம்பி, ஷூ எம்.சி. ரோடு பக்கம் 1,400 ரூபாய்க்கு வாங்கியது. கார்பன் எல்லாம் இல்லை. இடது காலில் குதிப்பக்கம் தேய்ந்து உள் வெள்ளை தெரிகிறது. அதுதான் ரகசியம் என்றால் சொல்லுங்கள், வலது காலையும் தேய்த்துக்கொள்கிறேன்.

தங்கச்சி சொன்னது சுருக்கென்று பட்டது. ஆமாம், கடிகாரம் ஓடியிருந்தால் நான் நிச்சயம் குறைத்திருப்பேன். காசிமேட்டில் என்4 போலீஸ் ஸ்டேஷன் பக்கம் ஓடும்போதுகூட 6:50 வந்தால் போதும், நானாகவே வேகத்தைக் குறைத்துவிடுவேன். மூச்சு வாங்கும் என்பதற்காக இல்லை. 45 வயதில் இதெல்லாம் நமக்கு எதற்கு என்று ஒரு எண்ணம். வேலையும் அப்படித்தானே, பெட்டியில் எங்கே ஓட்டை என்று தேடித் தேடி, எதைப் பார்த்தாலும் ஓட்டையைத்தான் முதலில் தேடுகிறேன்.

ஒரு கேள்வி: யார்டு நடை கணக்கில் வருமா? போனில் தினம் 15,000 அடிக்குக் குறைந்ததே இல்லை. அதுவும் வெயிலில், சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு. இத்தனை நாளும் அதைப் பயிற்சியாக நான் நினைத்ததே இல்லை.

---

திருவொற்றியூர்_நைட்_டூட்டி:

வராமல் எப்படிப் போகும் அண்ணா? தினம் பத்து கிலோமீட்டர் நடை, எத்தனை வருடமாக! வேகம் தராது. ஆனால் கடைசி அஞ்சு கிலோமீட்டரில் கால் மடங்கும் மடங்கும் என்று பார்த்தீர்களே, அது மடங்காததில் அந்தச் சேஃப்டி ஷூவுக்குப் பங்கு உண்டு. பெட்டிக்குள் வெந்த மே மாதத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். வெயில் பழக்கம் உடம்பில் சில வாரம்தான் நிற்கும், ஜனவரி வரை வராது.

---

காசிமேடு_விசைப்படகு:

அண்ணே, ஃபுல் பற்றி யாரும் பேசவில்லையே, நான் பேசுகிறேன். அடிபட்டவன்.

நானும் முதல் அரை மாரத்தானை 2:05-ல் முடித்துவிட்டுத் தரையில் கால் பாவாமல் திரிந்தவன். அடுத்த குளிருக்கே ஃபுல் பதிந்தேன். ஐயாவின் அதே சூத்திரத்தை உங்கள் நேரத்துக்குப் போட்டால் காகிதத்தில் 4 மணி 36 நிமிடம் வரும். எனக்கு 4:20 சொச்சம் காட்டியது. முடித்தது 5:22. முப்பது வரை ராஜா மாதிரிப் போனேன். முப்பத்திரண்டில் டீசல் தீர்ந்த படகுதான். கை அசைகிறது, கால் வரவில்லை. உடம்பில் இருக்கிற சர்க்கரைச் சேமிப்பு அந்தத் தூரத்தோடு முடிந்துவிடும், பிறகு கொழுப்பை எரித்து நகர வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்டேனா? அந்தச் சூத்திரம் தூரத்துக்கு ஏற்ற பயிற்சி எடுத்தவனுக்குத்தான் பொருந்தும். வாரம் 30 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அது ஆசை காட்டும், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பிரச்சினை வேறு இருக்கிறது. ஜனவரியில் ஃபுல் என்றால், 28, 30 என்று ஓட வேண்டிய ஞாயிறுகள் எல்லாம் அக்டோபர், நவம்பரில் வரும். அப்போது கொருக்குப்பேட்டை பக்கம் முழங்கால் தண்ணீர். எண்ணூர் ரோட்டில் பள்ளம் எது, தார் எது என்று தெரியாது. போன நவம்பரில் நான் மூலக்கடை மேம்பாலத்தில் ஏறி இறங்கியே 16 கிலோமீட்டர் ஓட்டியவன். ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, "எதுனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டார்.

எங்களுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகத் தடை. படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்போம். நானும் அந்த இரண்டு மாதம் என் கால்களை அப்படித்தான் வைத்திருக்கிறேன், லேசான ஓட்டமும் நீச்சலும் மட்டும். இந்த வருடம் ஃபுல் வேண்டாம் அண்ணே. ஜூனில் ஆரம்பித்து, வருகிற குளிருக்கு இன்னொரு அரை ஓடுங்கள். உங்களிடம் 2:05 இருக்கிறது. இந்தத் தடவை கழிப்பறைக்கு முன்னாலேயே போய்விட்டு வாருங்கள்.

---

பெரம்பூர்_கணக்குப்பிள்ளை:

கழிப்பறைக்கு முன்னாலேயே போகலாம், ஆனால் தொடக்கத்தில் கூட்டத்துக்குப் பின்னாலேயே நில்லுங்கள். இல்லையென்றால் அந்தச் செவிலியர் பெண் திட்டும்.

---

கன்டெய்னர்_சர்வேயர்:

ஃபுல் இல்லை, முடிவு செய்துவிட்டேன். கிளப்பிவிட்ட இரண்டு பேரையும் இந்த இழையைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் இதுவரை அரையே ஓடியதில்லை என்பது நேற்றுதான் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு 10 கி.மீ. ஓடிப் பார்க்கிறேன். ஐயா சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால் 60 நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுவதா, கழற்றி வைத்துவிட்டு ஓடுவதா என்று இன்னும் தெரியவில்லை. இப்போது தெருவெல்லாம் மார்கழிக் கோலம். தண்டையார்பேட்டை சந்துகளில் அதை மிதிக்காமல் ஓடுவதிலேயே வேகம் போய்விடுகிறது. போகி அன்று காலை ஓடப் போவதில்லை, அந்தப் புகையை இழுப்பதற்குத் தூங்கலாம்.

மகன் நாளைக்குக் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். 4:50-க்கு மெட்ரோ ஸ்டேஷன் வாசல், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். எழுந்தால் பார்க்கலாம்.